நான்காவது பாட்டின் நீளம்

பிப்ரவரி 3

கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு,

நேற்று எங்கள் முதல் சுற்றுப் பதிவு முடிந்தது. அங்கே இருந்தவர்கள்: கிட்டாரோடு நான். பேஸ் கிட்டாரோடு தையல்காரி, அவள் கடையின் பின்னறையில்தான் எல்லாம் நடந்தது. டிரம்ஸில் பஸ் டிரைவர், டிப்போவிலிருந்து சீருடையோடு நேரே வந்தாள். பாடுவதற்கு நர்ஸ். பதிவுக்காரர் ஒருவர். பத்து நிமிடம் மட்டும் உன் அத்தான், வீட்டுச் சாவி கேட்க வந்தவர். அவ்வளவுதான். "கடவுளை எழுதலையா?" என்று டிரைவர் சீண்டினாள். அவரையும் எழுதிக்கொண்டேன்.

உன் தொண்டைக்கட்டு விட்டதா? வெந்நீர் குடி என்று சொன்னால் ஊதித் தள்ளுவாய். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பின்னறையின் மூன்று சுவர்களிலும் துணிச் சுருள்கள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. அதனால் சத்தம் சிதறாமல் நிற்கிறது. பதிவுக்காரரே வாய்விட்டுச் சொன்னார், "இந்த மாதிரி ரூமைக் காசு குடுத்துக் கட்டினாலும் வராதும்மா" என்று. கடைக்கு வார விடுமுறை அன்றைக்கு மட்டும் கூடுவோம். நான் காலைப் பிரார்த்தனை முடித்து, சமையலை முடித்து, மூடிவைத்துவிட்டுப் போவேன்.

இத்துடன் ஒரு கேசட் வைத்திருக்கிறேன். ஒன்பது பாட்டு. இது கரட்டு நாடா, கடைசிப் பதிவு இல்லை, ஒரே பிரதி, உனக்கு மட்டும். நான்காவது பாட்டு 'வரிசை'யில் டிரைவர் கையிலிருந்து குச்சி நழுவியது, நர்ஸ் சிரித்துவிட்டாள், நாங்கள் நிறுத்தாமல் வாசித்தோம். ஆறு நிமிடம் நாற்பத்தைந்து நொடி. அத்தான் கேட்டுவிட்டு, "பாட்டு வரிசையைப் பத்தினதுதானே? கேக்கறவனும் நின்னுட்டுப் போறான்" என்றார்.

ஒவ்வொரு தடவை வாசித்ததையும் நோட்டில் எழுதி வருகிறேன்: தேதி, எத்தனையாவது தடவை, நீளம், ஏன் தள்ளினோம் என்பது. அது இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. நீ கேட்டு, குறையை மட்டும் எழுது. உன் காதை நான் நம்புகிறேன்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் கேசட்டும் வந்தன. தொண்டை சரியாகிவிட்டது. வெந்நீரால் இல்லை, தானாக. அத்தானுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாரா?

கேசட்டைக் கேட்டேன். சட்டை தேய்த்துக்கொண்டே ஒரு முறை ஓடவிட்டேன். நன்றாக இருக்கிறது.

பத்திரிகையில் வேலை கூடியிருக்கிறது. இசைப் பக்கத்தின் ஆசிரியரை நாங்கள் 'கத்திரி' என்போம். அந்த அம்மாள் நாலு வரி எழுதிக் கொடுத்தால் ஒன்றரை வரிதான் திருப்பித் தருவார். "மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்பார். எனக்கு இன்னமும் பிழை திருத்தும் மேசைதான். கூடவே சின்னச் சின்ன எழுத்து வேலையும் வருகிறது. 'செவியன்' என்ற புனைபெயரில் வரும் விமர்சனத்தை யார் எழுதுகிறார்கள் என்று நீ முன்பு ஒரு கடிதத்தில் கேட்டிருந்தாய். மூன்று நான்கு பேர் மாறி மாறி எழுதுவது. யார் என்று வெளியே சொல்லக் கூடாது, ஆபீஸ் விதி.

உடம்பைப் பார்த்துக்கொள். விரல் நுனியில் தோல் உரிந்தால் வாசிப்பதை நிறுத்து.

தம்பி

ஏப்ரல் 12

கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தான் மாடிப்படி ஏறுகிறார், ஏறியதை ஊருக்கெல்லாம் சொல்கிறார். விரல் நுனித் தோல் உரிந்து, மறுபடி வந்து, இப்போது செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இடது கையால் துணியில்லாமல் இறக்குகிறேன்.

"நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். டாக்டர்கள் "பயப்பட ஒண்ணும் இல்ல" என்று சொல்லும்போது நோயாளி முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கவனித்திருக்கிறாயா?

போகட்டும். இசைத்தட்டு வந்துவிட்டது! பெயர் 'கதவைச் சாத்து'. எட்டு வருடமாக நாங்கள் நாலு பேரும் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான் என்பதால் வைத்தோம். குழுவின் பெயர் 'ஈரவிறகு', அது உனக்குத் தெரியும். கரட்டு நாடாவுக்குப் பிறகு இரண்டு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்தோம். என்ன மாறியது என்று எழுத மாட்டேன். உன் காதே சொல்லட்டும். உங்கள் பத்திரிகைக்குத் தட்டை, அதை வெளியிட்ட கம்பெனிக்காரரே அனுப்பியிருக்கிறார்.

இனி முக்கியமான விஷயம். கம்பெனிக்காரர் எங்களை உட்காரவைத்துச் சொன்னது இது: "செவியன் நல்லதா நாலு வரி எழுதட்டும், எண்ணூறு நாற்காலி அரங்கத்தைப் பிடிச்சுத் தரேன். எழுதலைன்னா இதோட சரிம்மா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க." நர்ஸுக்கு வருட முடிவில் தூரத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வருகிறது. ஆகவே மேடை என்று ஒன்று கிடைத்தால் இந்த வருடம். இல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை.

செவியனிடம் எங்களுக்காகப் பேசச் சொல்லவில்லை. அது தப்பு. தினமும் வேண்டிக்கொள்கிறேன், அது போதும். நீ தட்டைக் கேட்டதும் எழுது.

அக்கா

மே 8

கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா? பதில் வரவில்லை. உங்கள் பத்திரிகை வந்துவிட்டது.

நீ படித்திருப்பாய். இருந்தாலும் என் கையால் எழுதிப் பார்க்கிறேன், அப்போதாவது இது வேறு யாரையோ பற்றியது என்று தோன்றுமோ என்று:

"ஈரவிறகு என்று பெயர் வைத்துக்கொண்டவர்களின் முதல் தட்டு. ஒன்பது பாடல்கள். விறகு ஈரம்தான், புகை மட்டும் வருகிறது. கிட்டார்க்காரர் புத்தகத்தைப் பார்த்துக் கற்றவர் போலும், பக்கம் புரட்டும் சத்தம்தான் கேட்கவில்லை. நான்காவது பாட்டு ஏறத்தாழ ஏழு நிமிடம் நகராமல் நிற்கிறது. நடுவில் யாரோ சிரிக்கிறார்கள், கேட்பவரைப் பார்த்துத்தானோ என்னவோ. தட்டின் பெயர் 'கதவைச் சாத்து'. சாத்திவிட்டே வாசித்திருக்கலாம். — செவியன்."

கடையில் பத்திரிகையை விரித்து டிரைவர்தான் சத்தமாகப் படித்தாள். தையல்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள், கோத்த ஊசியிலேயே மறுபடி மறுபடி. கடைசியில் நர்ஸ், "ஆளு நல்லா எழுதறான் பாவி" என்றாள். சிரிக்கலாம் என்று பார்த்தோம், வரவில்லை.

மறுநாளே கம்பெனிக்காரர் வந்துவிட்டார். அரங்கத்துக்குச் செப்டம்பரில் ஒரு தேதி சொல்லிவைத்ததை நிறுத்திவிட்டாராம். ஜூலை முப்பத்தொன்றுவரை வேறு யாரும் கேட்காவிட்டால் தேதி சும்மா கிடக்கும், அதற்குள் ஏதாவது நடந்தால் பார்க்கலாம் என்று போனார். அவர் குரலில் நடக்கும் என்ற நினைப்பு இல்லை.

இரண்டு நாளாகக் காலைப் பிரார்த்தனையில் உட்கார முடியவில்லை. உதடு அசைகிறது, மனசு அந்தப் பத்திரிகைப் பக்கத்திலேயே நிற்கிறது. கடவுளுக்குச் சத்தம் பிடிக்காது என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்களிடம், இடியைப் படைத்தவரிடம் போய் அதைச் சொல்லுங்கள் என்றேன். செவியன் எழுதியதை மட்டும் என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை.

செவியனின் பெயர் எனக்கு வேண்டாம், விதி விதியாகவே இருக்கட்டும். அவர் தட்டை எத்தனை தடவை கேட்டார் என்று மட்டும் விசாரித்து எழுதுவாயா?

அக்கா

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா? அத்தானின் முட்டி எப்படி? வெயிலில் வெளியே போகாதே, தலைவலி வரும். தையல்காரம்மாவுக்குப் போன வருடம் கண் ஆபரேஷன் ஆனதே, இப்போது தெளிவாகத் தெரிகிறதா? டிரைவர் அக்காவுக்கு முதுகு வலி என்று எழுதியிருந்தாய், அதுவும் சரியாகிவிட்டதா?

விமர்சனத்தைப் பார்த்தேன். மனசில் போட்டுக்கொள்ளாதே. ஒரு வாரத்துப் பத்திரிகை அடுத்த வாரம் பொட்டலம் மடிக்கத்தான். எத்தனை தடவை கேட்டார்கள் என்பதெல்லாம் யாரும் எழுதிவைப்பதில்லை. செவியனும் மனிதர்தானே.

இங்கே வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

தம்பி

மே 25

கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு,

எல்லோருடைய உடம்பையும் விசாரித்திருந்தாய், சந்தோஷம். எல்லோரும் நலம். தையல்காரிக்குக் கண் நன்றாகவே தெரிகிறது. இந்தக் கடிதத்துக்குக் காரணமே அவள்தான்.

போன வாரம் அந்த விமர்சனத்தை மறுபடி எடுத்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தவள், தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "இதுல ஒம்போது பாட்டுன்னு போட்டிருக்கே. நாம பத்துதானே போட்டோம்?" என்றாள்.

நான் வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து வந்தேன். எல்லோர் முன்னாலும் படித்தேன். உனக்கும் அப்படியே எழுதுகிறேன்.

தட்டில் பாட்டு பத்து. பத்தாவதை மார்ச் பதினேழில் எடுத்தோம். நான்காவது பாட்டு 'வரிசை', பிப்ரவரி இரண்டில் ஆறாவது தடவையாக வாசித்தது, நீளம் ஆறு நிமிடம் நாற்பத்தைந்து நொடி, குச்சி விழுந்தது, சிரிப்பு, தள்ளுபடி. அதே பாட்டு, மார்ச் இருபத்தொன்றில் இருபத்து மூன்றாவது தடவை, நீளம் நான்கு நிமிடம் ஐந்து நொடி, யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் சம்மதம், தட்டில் சேர்த்தது.

ஆறே முக்கால் நிமிட 'வரிசை' எந்தத் தட்டிலும் இல்லை. பதிவுக்காரர் அந்த நாடாவின் மேலேயே அடுத்ததைப் பதிந்துவிட்டார், அதையும் குறித்திருக்கிறேன். அது இருப்பது ஒரே ஒரு கேசட்டில்.

மற்ற மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "பதிவுக்காரர் யாருக்காவது போட்டுக் காட்டியிருப்பாரோ" என்றாள் நர்ஸ். நான் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் நோட்டின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

தம்பி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் அனுப்பிய கேசட் இப்போது எங்கே இருக்கிறது?

அக்கா

ஜூன் 19

கடவுள் துணை

தம்பிக்கு,

இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அத்தான் தினமும் தபால்காரரை என்னைவிட முந்திப் போய்ப் பார்க்கிறார். காரணத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "எழுதுவான், எழுதுவான்" என்று மட்டும் சொல்கிறார்.

கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நாலு பக்கம் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். காலையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். எழுந்தபோது அனுப்ப மனம் வரவில்லை. கிழிக்கவும் வரவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் இருக்கிறது.

எனக்குப் பாராட்டு வேண்டாம். புத்தகத்தைப் பார்த்துக் கற்றவள்தான், அது உலகத்துக்குத் தெரிந்தால் என்ன? ஆனால் இருபத்து மூன்று தடவை வாசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். தள்ளிவிட்டதை எடுத்துவைத்து எங்களை எடைபோட்டால் எப்படி? தட்டைக் கேள். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று எழுது. கேட்டுவிட்டு எழுது.

அக்கா

ஜூலை 1

அக்கா,

நான்தான் எழுதினேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐந்து வாரம் ஆனது. மற்றதைச் சொல்கிறேன்.

ஜனவரியிலிருந்து செவியன் பத்தியை மாதம் ஒரு முறை சோதனையாக எனக்குக் கொடுத்திருந்தார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லாமல் இருந்தது பிடித்திருந்தது என்பதும் உண்மை. ஏப்ரல் கடைசியில் கத்திரி என் மேசையில் நாலு தட்டைப் போட்டார். மேலே இருந்தது உங்களுடையது. "இது என் அக்கா" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆபீஸில் அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் "வீட்டில்தான் இருக்காங்க" என்று சொல்லியே பழகிவிட்டேன். இப்போது சொன்னால் சிரிப்பார்கள், பத்தியும் போய்விடும் என்று பயந்தேன்.

ஆபீஸ் பிளேயர் அன்றைக்கு முழுக்கக் கத்திரியின் அறையில் இருந்தது. மாலைக்குள் பக்கம் முடிய வேண்டும். என் அறையில் உன் கேசட் இருந்தது. எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். உன் கடிதத்தில் "மறுபடி எடுத்தோம்" என்று இருந்ததை ஓட்டமாகப் படித்துவிட்டேன். உறவு என்று சந்தேகமே வரக் கூடாது என்று ஒவ்வொரு வரியையும் இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கினேன். புத்தகம் பார்த்துக் கற்றது எனக்கு எப்படித் தெரியும்? நீ எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் புத்தகத்தைக் கேட்டு எழுதினாய், கடை கடையாக ஏறி வாங்கி அனுப்பியவனே நான்தான். அதை எடுத்து உன் மேலேயே எறிந்தேன். கத்திரி அந்த விமர்சனத்தில் ஒரு வார்த்தைகூட வெட்டவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் ஜூன் கடிதம் வந்த பிறகு ஆபீஸ் தட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன், பக்கத்து அறைக்காரரின் பிளேயரை இரவல் வாங்கினேன். ஐந்து தடவை கேட்டேன். நீ நம்புவாயோ இல்லையோ, எழுதிவைத்திருக்கிறேன்.

'வரிசை' இப்போது நடக்கிறது, நடப்பதுகூட இல்லை, முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. இரண்டாவது பாட்டில் உன் கிட்டாரும் தையல்காரம்மாவின் பேஸும் ஒரே கதவில் இரண்டு பேர் நுழைவதுபோல் முட்டிக்கொண்டு, பிறகு வழிவிட்டு, ஒன்றாகப் போகின்றன. அங்கே நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏழாவது பாட்டு மட்டும் நீளம். கடைசிச் சரணம் வேண்டாம். இது கேட்டுவிட்டுச் சொல்வது.

உடம்பு எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தம்பி

ஜூலை 9

கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சாப்பிடு.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை அந்த ஐந்து வாரத்தை எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது தடவை ஏழாவது பாட்டைப் போட்டுக் கேட்டேன். கடைசிச் சரணம் வேண்டாம்தான். மார்ச்சிலேயே நோட்டில் "இழுவையோ?" என்று கேள்விக்குறி போட்டிருக்கிறேன், அப்புறம் ஆசையில் விட்டுவிட்டேன்.

உன்னை மன்னித்தேனா என்று கேட்கிறாயோ? அதை நான் கடவுளிடம் சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. நீ என்னிடம் சொன்னது பாதிதான். மிச்சப் பாதியை உன் கத்திரியிடம் சொல்ல வேண்டும். எனக்காக இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்த அத்தனை பேருக்கும் பொய்யான ஒரு நான்காவது பாட்டைக் கொடுத்திருக்கிறாய்.

கடையில் மூவரிடமும் சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை. தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "உன் தம்பியா? அப்போ சரி, வீட்டு ஆளுதான் இவ்வளவு சரியாக் குத்த முடியும்" என்றாள். டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சாத்திட்டே வாசிச்சிருக்கலாம்னு எழுதினானே, அதைப் பெரிசா எழுதி என் பஸ்ஸுக்குப் பின்னாடி ஒட்டறேன். அவனையே ஒட்டச் சொல்லு" என்றாள். நர்ஸ் மட்டும் காலண்டரில் விரல் வைத்து எண்ணினாள். பிறகு, "ஜூலை முப்பத்தொண்ணுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் என் செய்தி. இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

அக்கா

ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். சாப்பிடுகிறேன். இன்றைக்கு இரண்டு வேளை நன்றாகவே.

உன் கடிதம் வந்த மறுநாள் கத்திரியின் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அக்காவா?"

"ஆமாம்மா."

"கிட்டாரா?"

"ஆமாம்மா."

"அக்காங்கறது ஒரு குத்தமில்லப்பா. முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஆள்கிட்ட குடுத்திருப்பேன், முடிஞ்சது. தட்டைக் கேக்காம தட்டைப் பத்தி எழுதினே பாரு, அது திருட்டு. சாப்பிடாமயே சாப்பாடு சரியில்லன்னு சொல்றவன் நாக்கை என்ன பண்ணணும்?"

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்மேலயும் தப்பிருக்கு. நல்லா இருந்துச்சுன்னு வெட்டாம விட்டேன். நல்லா எழுதறவனைத்தான் முதல்ல வெட்டணும்."

பத்தி என்னிடமிருந்து போய்விட்டது. வேலை போகவில்லை. பழையபடி பிழை திருத்தும் மேசை. அதைவிடப் பெரிய தண்டனை, திருத்தத்தை நானே எழுத வேண்டும் என்றார். அதே பக்கம், அதே இடம், அதே அளவு எழுத்து. இந்த வாரம் வந்திருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன். "மே மாத விமர்சனம், வெளிவராத ஒரு பதிவைக் கேட்டு எழுதப்பட்டது. எழுதியவர் கிட்டார்க்காரரின் தம்பி. தட்டை அவர் கேட்கவில்லை. தவறு முழுவதும் அவருடையது." எழுத்தில் பார்ப்பதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பிழை திருத்தியதும் நானே.

பிறகு நடந்ததைக் கேள். கத்திரி பிளேயரைத் தூக்கிவந்து நடுக் கூடத்தில் வைத்தார். தட்டச்சு, விளம்பரம், கணக்கு, வாசல் காவல் எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொன்னார். தட்டின் முதல் பக்கம் முழுக்க ஓடியது. 'வரிசை' வந்தபோது விளம்பரப் பிரிவுக்காரர் மேசையில் தாளம் போட்டார், கத்திரி முறைத்தார், அவர் நிறுத்தவில்லை. முடிந்ததும் கத்திரி தட்டைத் திருப்பிப் போட்டார். அதுவும் முடிந்ததும் மறுபடி முதல் பக்கம். பத்திரிகையின் இசைப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டிய நாள் அது. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து நின்றான். "நில்லு" என்றார்.

அவர் விமர்சனத்தையும் வைத்திருக்கிறேன். நாலு வருடமாகத் தன் பெயரில் அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை, செவியனாகவும் எழுதியதில்லை. இது சொந்தப் பெயரில்:

"இரண்டாவது பாட்டில் கிட்டார் நுழையும்போது மேல்தட்டிலிருந்து பாத்திரங்கள் மொத்தமாகச் சரிவதுபோல் இருக்கிறது. நாலாவது சுற்றில்தான் தெரிகிறது, ஒவ்வொன்றும் விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறது. இந்தக் கிட்டார் யாரிடமும் பாடம் கேட்காதது. அதனால் யாருடைய பயமும் இதில் ஒட்டவில்லை. ஏழாவது பாட்டின் கடைசிச் சரணம் நீங்கலாக இந்தத் தட்டில் வெட்டுவதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை."

வெட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று கத்திரி எழுதியதை ஆபீஸில் ஒருவன் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவிட்டான். நேற்று இரண்டு தினசரிகளிலிருந்து தட்டு கேட்டு ஆள் வந்தார்கள். வானொலியில் இன்று காலை 'வரிசை' போட்டார்கள். வாசல் காவலர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அக்காவாமே? என் பொண்ணுக்கும் கிட்டார் வேணுமாம், எந்தப் புத்தகம்?" என்று கேட்டார். சொன்னேன். பெயர், விலை, எந்தக் கடையில் கிடைக்கும் என்பது வரை.

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். முப்பத்தொன்றாம் தேதிக்குள் உன் கைக்கு வர வேண்டும்.

தம்பி

செப்டம்பர் 14

கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு,

நேற்று முன்தினம் அரங்கில் இருந்தவர்கள்: எண்ணூறு நாற்காலிகளில் எண்ணூறு பேர். சுவரோரம் நின்றவர்களை எண்ண அத்தானை அனுப்பினேன். நூற்றுப் பத்துவரை எண்ணியதும் பாட்டு ஆரம்பித்துவிட்டது, விட்டுவிட்டார். டிப்போவிலிருந்து டிரைவர்கள் ஒரு வரிசை. ஆஸ்பத்திரியிலிருந்து, வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு வரிசை. என்னோடு காலையில் பிரார்த்தனைக்கு வரும் பெண்கள் பதினான்கு பேர். தினசரிக்காரர்கள் மூன்று பேர். கம்பெனிக்காரர், உட்கார முடியாமல் நடந்துகொண்டே. முன்வரிசையில் ஐந்தாவது நாற்காலியில் யாரும் இல்லை. அரங்கத் தேதியைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டிருந்தேன்; வருகிறேன் என்றும் நீ எழுதவில்லை, வரவில்லை என்றும் எழுதவில்லை.

இங்கே எல்லோரும் நலம். டிரைவருக்கு மட்டும் தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது நல்ல வலி என்கிறாள்.

திரை ஏறும் முன் நாங்கள் நால்வரும் கை பிடித்து நின்றோம். நான் பிரார்த்தனை சொல்ல வாயெடுத்தேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. நர்ஸ்தான், "கடவுள் வந்திருக்கார், போவோம்" என்றாள். மேடைக்குப் போனேன். விளக்கு வெளிச்சத்தில் முகம் ஒன்றும் தெரியவில்லை, மூச்சு மட்டும் தெரிந்தது, எண்ணூறு பேரின் மூச்சு. ஆறு தந்தியையும் சேர்த்து முதல் கார்டை அடித்தேன். பின்னறையில் துணிச் சுருள்கள் விழுங்கிக்கொண்டிருந்த சத்தம் முதல் தடவையாக முழுசாகப் போய், தூரத்துச் சுவரில் தொட்டு, என்னிடமே திரும்பி வந்தது. என் சத்தத்தின் அளவு எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அடுத்ததைப் பயமில்லாமல் அடித்தேன்.

அத்தான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வந்தார். இரண்டாவது பாட்டில் எடுத்துவிட்டாராம். 'வரிசை'யில் டிப்போக்காரர்கள் எழுந்து நின்றார்கள், பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்தது, அவர்களும் எழுந்தார்கள், பிறகு கடைசிவரை யாரும் உட்காரவில்லை. ஏழாவது பாட்டைக் கடைசிச் சரணம் இல்லாமல் சட்டென்று நிறுத்தினோம். ஒரு கணம் அரங்கமே அதிர்ந்து நின்றது. அப்புறம் வந்த சத்தத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. பிரார்த்தனைப் பெண்களில் ஒருத்தி நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள். எப்போதும் கண்ணை மூடியபடியே இருப்பவள்.

முடிந்ததும் கம்பெனிக்காரர் மேடைக்கு ஓடி வந்து, "நான் அன்னிக்கே சொன்னேன் பாத்தீங்களா" என்றார். தையல்காரி அவரை மேலும் கீழும் பார்த்து, "எதை?" என்று கேட்டாள்.

தினசரிகள் மூன்றிலும் வந்துவிட்டது. மூன்றிலும் நல்லது. ஒருவர் மட்டும் முதல் பாட்டில் கிட்டார் கொஞ்சம் ஓங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறார். இருக்கலாம். மேடையில் நின்றால் எனக்குத் தெரிவதில்லை. இதைத்தான் நால்வரும் நேற்று உட்கார்ந்து பேசினோம்.

அக்டோபர் பத்திலிருந்து மூன்று வாரம், ஏழு ஊர், ஏழு அரங்கம். நர்ஸின் மாற்றலுக்கு முன்னால் முடித்துவிடலாம். வண்டியை டிரைவரே ஓட்டுகிறாள், வேறு யாரையும் ஸ்டியரிங்கைத் தொடவிட மாட்டாளாம். ஒவ்வொரு அரங்கத்திலும் கடைசி வரிசைக்கு அப்பால் நின்று, எது ஓங்குகிறது, எது அமுங்குகிறது என்று கேட்டு, எங்கள் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு ஆள் வேண்டும். உறவுக்காகக் கூட்டியும் சொல்லக் கூடாது, உறவை மறைக்கக் குறைத்தும் சொல்லக் கூடாது. "அந்தப் பையனையே கூப்பிடு" என்று சொன்னது நர்ஸ். மற்ற இரண்டு பேரும் சரி என்றார்கள். நான் கடைசியாகச் சொன்னேன்.

கத்திரி அம்மாளிடம் மூன்று வாரம் விடுமுறை கேட்டுப் பார். வர முடியுமா, முடியாதா? சீக்கிரம் பதில் எழுது.

அக்கா